அப்பா காட்டிய புதுச்சேரி

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் நேரே கடற்கரைச் சாலைக்குப் போய்விடுகிறார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் ஒரு படம். முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்த வீதிகள் பிடிக்கும். ஆனாலும் ஊர் நினைவு வந்தால் முதலில் கண்ணில் நிற்பது பாரதி பூங்காவை ஒட்டிய செயின்ட் லூயி வீதியின் அருங்காட்சியகம்தான்.

1983இல் அதைத் திறந்தபோது நான் பள்ளிப் பிள்ளை. அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, மடித்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, “வாம்மா, மியூசியத்துக்குப் போய்ட்டு வரலாம்” என்பார். கோயிலுக்குப் போவதுபோலவே கிளம்புவோம். வெளியே கடற்காற்று, உள்ளே நுழைந்ததும் பழைய மரமும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. பல்லவர், சோழர் காலத்துக் கற்சிலைகளைத் தாண்டி, செப்புத் திருமேனிகளின் முன் அப்பா கொஞ்சம் நிற்பார். எனக்குப் பொறுமை இருக்காது. பல்லக்கையும் புஸ்புஸ் வண்டியையும் பார்க்க ஓடுவேன். உட்கார்ந்திருப்பவர் கையில் திருப்புகிற கம்பி, பின்னால் ஓர் ஆள் ஓடி ஓடித் தள்ளவேண்டும். “தள்ளினவன் பேரு எங்கயாவது எழுதியிருக்கா பாரு” என்று அப்பா ஒருமுறை கேட்டார். நான் சுற்றிச்சுற்றித் தேடினேன்.

துய்ப்ளேயின் கட்டில் என்று ஒன்று அங்கே உண்டு. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்து, தென்னிந்தியாவையே பிரெஞ்சுக்காரர் கைக்குக் கொண்டுவரப் பார்த்தவர். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் கூடுவார்கள். அப்பா அங்கே நிற்கமாட்டார். அவர் கூட்டிப்போவது, அரியாங்குப்பம் ஆற்றங்கரை மேடான அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்கள் இருக்கும் இடத்துக்கு. பச்சை, சிவப்பு, நீலம் என்று மிளகளவு மணிகள். உடைந்த பானை ஓடுகள். திராட்சை மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள். “இத்தாலியில சுட்ட மண்ணு, நம்ம அரியாங்குப்பம் ஆத்தங்கரையில கெடந்துது” என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தெரியும்.

அந்த ஓடுகள் கண்டுகொள்ளப்பட்ட கதையை நான் பின்னால் படித்தேன். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் ஏமாந்த வானியலாளர் லெ ஜாந்தீல், ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்கள் தெரிவதை அப்போதே குறித்துவைத்தார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1937 வாக்கில், இங்கே பேராசிரியராக இருந்த ழுவோ துப்ராய், ஊர்ப் பிள்ளைகள் மேட்டில் பொறுக்கிய மணிகளை வாங்கிச் சேர்த்தார். அவற்றுள் தலை செதுக்கிய கல் ஒன்று இருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்றார் அவர். பிறகு தொல்லியலாளர் வீலர். 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் ஆம்போராத் துண்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவர், நம் பொது நூலகத்தின் கண்ணாடிப் பேழைகளில் அதே வகைத் துண்டுகள் நிறைய இருப்பதைக் கண்டார். கூடவே இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்பு மண்கலத்தின் சில்லுகளும். மறு ஆண்டே மண்வெட்டி இறங்கியது. அரெஸ்ஸோ மண்கலத்தின் காலம் ஏற்கெனவே தெரியும், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு. அதோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதனால் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலில் உறுதியான ஆண்டுக்கணக்கு தொடங்கியது இப்படித்தான். தமிழி எழுத்துக் கீறிய ஓடுகளும் அங்கே கிடைத்தன. வீலருக்குப் பின் 1940களின் கடைசியில் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று தோண்டினார்கள். நம் நூலகத்தின் பேழையில் சில ஓடுகளை யாரோ எறியாமல் வைத்திருந்தார்களே, அவர்களைத்தான் நான் நன்றியோடு நினைக்கிறேன்.

பாட்டி வீடு அரியாங்குப்பம். ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் போவோம். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதில் தொடர்கிறது. தேர் பார்த்துவிட்டு வரும் வழியில் அப்பா எங்களை அரிக்கமேட்டுக்கு அழைத்துப்போவார். மாமர நிழல், ஆற்று நீர், சேற்று நண்டு. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். இடிந்த செங்கல் சுவர் ஒன்று மட்டும் நிற்கும். வருகிறவர்கள் பலரும் அதை ரோமானியர் கட்டடம் என்று படம் எடுப்பார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார் நடத்திய மடத்தின் மிச்சம். மழைக்குப் பிறகு மண் கரைந்து மணி தலைகாட்டும். தங்கை ஒரு நீல மணியை எடுத்தபோது அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே அழுத்திப் புதைத்தார். அவள் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

ஊருக்குள் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வீடு. 1908இல் வந்த பாரதி 1918 வரை இந்த ஊரில் இருந்தார். ‘பாஞ்சாலி சபதம்’, ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’ எல்லாம் புதுவைக் காலத்தவை. குயில் தோப்பு எங்கள் முத்தியால்பேட்டையில்தான் என்பதில் எங்கள் தெருவுக்கே கர்வம். அந்த வீட்டில் கையெழுத்துப் படிகளின் முன்னால் அப்பா குனிந்து வெகுநேரம் இருப்பார். அவர் பார்த்தது பாட்டை அல்ல, அடித்தலையும் திருத்தலையும். “இதெல்லாம் எழுத்துக் கோத்தவன் எப்படிப் படிச்சானோ” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அங்கிருந்து பெருமாள் கோயில் வீதி 95ஆம் எண் வீட்டுக்கு வருவோம். கனகசுப்புரத்தினமாக இருந்து பாரதிதாசன் ஆனவரின் வீடு, இன்று அவர் பெயரிலான காட்சியகம். ஆசான் வீட்டிலிருந்து மாணவர் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்பது வேறெந்த ஊருக்குக் கிடைக்கும்?

ரங்கப்பிள்ளை வீதியில் நடக்கும்போது ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையை அப்பா சுட்டிக்காட்டாமல் இருந்ததில்லை. கீழே நம்மூர் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, கவர்னர் வீட்டுச் சங்கதி, சண்டை, பஞ்சாயத்து என ஒன்றையும் விடவில்லை. ஊர் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு கண்ணை மூடினார். பிறகு அந்த ஊரையே ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். நாட்குறிப்பு 1846இல்தான் வெளியே தெரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி உயிரோடு கிடைப்பது அந்த ஏடுகளில்தான்.

2014 நவம்பர் மழையில் கடற்கரையோரத்து மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், சரிந்தபோது அப்பா இல்லை. நல்லவேளை என்று நினைத்தேன். பழைய வடிவிலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், ஓட்டுச் சில்லைத் திரும்பச் செய்ய முடியாது. அருங்காட்சியகத்துக்குள் நான் போகும்போதெல்லாம் ஆள் குறைவாகவே இருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளே வருவதில்லை. அரிக்கமேட்டுக்குப் போய் “ஒன்றுமில்லையே” என்று திரும்புகிறவர்கள், அங்கே கிடைத்தது ஊருக்குள் இருக்கிறது என்று அறியாமலே பேருந்து ஏறுகிறார்கள்.

வருகிறவர்கள் கடற்கரையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் அருங்காட்சியகம், ஓடுகளையும் மணிகளையும் பார்த்த பிறகு அரிக்கமேடு. அப்போதுதான் அந்த மண் பேசும். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.