தடுக்கிறவனே கூட்டாளி

கபடியில் தனியாளாகச் செய்யக்கூடியது பாடிப் போவது ஒன்றுதான். அதற்கும் 30 விநாடிதான் கணக்கு; அதற்குள் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பிடிப்பது எப்போதும் கூட்டு வேலை. களத்தில் ஏழு பேர். எங்கள் பள்ளி அணியில் நான் இடது கார்னர். எதிரணிப் பெண் பாடி வரும்போது என் வலது கை, பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடித்திருக்கும். இதை நாங்கள் செயின் என்போம்.

புதிதாக வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செயின் பலத்துக்காக என்று நினைக்கிறார்கள். பலத்துக்கும்தான். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. பாடி வருகிறவள் வேண்டுமென்றே காலை நீட்டி ஆசை காட்டுவாள். கண்ணெதிரே கணுக்கால் தெரியும். அவசரப்பட்டுப் பாய்ந்தால் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அவளுக்கு ஒரு புள்ளி, நமக்கு ஓர் ஆள் குறைவு. அந்த நேரத்தில் நம்மை நிறுத்துவது பக்கத்தில் இருப்பவளின் கைதான்.

குறுவட்டப் போட்டி ஒன்றில் ஒரே ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தோம். கடைசி நிமிடம். பாடி வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலை முன்னே வைத்தாள். எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. உடம்பு முன்னே சாய்ந்த அதே கணம் என் தோழி என் மணிக்கட்டை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள். அவள் நகம் பட்டுத் தோல் உரிந்தது. நான் பாயவில்லை என்றதும் எதிரணிப் பெண் போனஸ் கோட்டுக்காக இன்னும் ஓர் அடி உள்ளே வந்தாள். அப்போதுதான் தோழி கையை விட்டாள். நான் கணுக்காலைப் பிடித்தேன். கவரில் நின்றவள் வந்து இடுப்பில் மோதினாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். ஸ்கோர் ஷீட்டில் பிடித்தவள் என்று என் நம்பர்தான் இருக்கும். ஆனால் ஜெயிக்க வைத்தது என்னைப் பின்னுக்கு இழுத்த கை. குழு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நம்மோடு சேர்ந்து ஓடுகிறவர்கள் மட்டும் குழு இல்லை. நாம் ஓடக்கூடாத நேரத்தில் நம்மை நிறுத்துகிறவர்களும் சேர்ந்ததுதான் குழு.

இதைச் சொல்லிவிட்டுக் காதல் பாட்டுக்கு வருகிறேன். எனக்குக் காதல் பாட்டு ரொம்பப் பிடிக்கும். மன்னார்குடிப் பக்கம் தனியார் பஸ்ஸில் போய் வருகிற யாருக்குத்தான் பிடிக்காது? வயல்கள் பின்னால் ஓட, டிரைவர் அண்ணன் ஸ்பீக்கரில் இளையராஜாவைப் போட்டால் நிற்கிற கூட்டத்தின் கசகசப்பே தெரியாது. அம்மாவுக்கு ‘அன்னக்கிளி’ காலத்திலிருந்து இளையராஜா, சித்தப்பாவுக்கு ‘ரோஜா’விலிருந்து ரஹ்மான், அண்ணனுக்கு யுவன். என் செட் அனிருத்தைக் கேட்டு வளர்ந்தது. மனசுக்குள் இருப்பதைச் சொல்லத் தெரியாமல் தவிக்கிற வயசில், நமக்காக ஒருத்தர் அழகாகச் சொல்லிவிடுகிறார் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆகவே பாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு வகைப் பாட்டு இருக்கிறது. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நாயகன் பின்னாலேயே போகிறான். அவனுக்குப் பின்னால் ஒரே மாதிரி சட்டை போட்ட நண்பர்கள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒருத்தன் நின்று ஆடுகிறான். பாட்டு முடிவதற்குள் அவள் சிரித்துவிடுவாள். இன்னொரு வகையில் அவள் சிரிக்கவே மாட்டாள். அப்போது அவள் ஏமாற்றுக்காரி, பணத்தாசை பிடித்தவள் என்று நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்த, 2011இல் உலகம் முழுக்கப் பரவிய ‘கொலைவெறி’ பாட்டை நான் பேசப் பழகிய வயசிலேயே பாடியதாக அம்மா சொல்வார். இந்த இரண்டு வகையிலும் என் கண்ணில் படுவது நாயகன் இல்லை, அவனுடைய நண்பர்கள். இத்தனை பேரில் ஒருத்தன்கூட, “அந்தப் பொண்ணுக்குப் பிடிக்கலடா, வா போவோம்” என்று சொல்வதில்லை.

இது திரையில் மட்டும் நடந்தால் பரவாயில்லை. எங்கள் அணியில் பாடிப் போகிற பெண் ஒருத்திக்குப் பின்னால் வேறொரு பள்ளிப் பையன் வந்துகொண்டிருந்தான். “எனக்கு இஷ்டமில்ல, பின்னாடி வராதீங்க” என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் பஸ் ஸ்டாப்பில் நின்றான். தனியாக இல்லை, நாலைந்து பேரோடு. அந்தக் கூட்டத்தைக் கவனித்தால் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வேலை இருந்தது. எந்த பஸ்ஸில் வருவாள், பயிற்சி எத்தனை மணிக்கு முடியும் என்று ஒருத்தன் விசாரித்து வைத்திருந்தான். டியூஷனில் யாரிடமோ கேட்டு அவள் அம்மாவின் போன் நம்பரை இன்னொருத்தன் வாங்கியிருந்தான். அவள் தலை தெரிந்ததும் போனில் பாட்டைச் சத்தமாக வைப்பது ஒருத்தன் வேலை. “அண்ணி வர்றாங்க, வழி விடுங்கடா” என்று குரல் கொடுப்பது மற்றொருத்தன். பின்னால் வந்தவனை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டிருந்தால், “நாங்க என்ன பண்ணோம்? சும்மா நின்னோம்” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவள் வீட்டில் சொல்லவில்லை. எங்களுக்குக் காரணம் தெரியும். சொன்னால் முதலில் கபடி நிற்கும், பிறகு பள்ளிக்கூடம் நிற்கும். பையன் செய்த தப்புக்குப் பெண் வீட்டுக்குள் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதனால் நாங்கள் ஏழு பேரும் ஒன்றாகவே பஸ் ஏறினோம். அவளை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம். அதோடு அது தீர்ந்துவிடவில்லை. தீர்த்தது அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருத்தன். ஒருநாள் வழக்கம்போலப் பாட்டு ஆரம்பித்ததும் அவன் போனைப் பிடுங்கி அணைத்தான். “டேய், அந்தப் புள்ளதான் வேணாம்னுடுச்சுல்ல. அப்புறம் எதுக்கு இங்க நிக்கிறோம்? நான் கெளம்புறேன், நீங்களும் வாங்க” என்றான். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தன் நகர்ந்ததும் இன்னொருத்தன் நகர்ந்தான். ஆடக் கூட்டம் இல்லாமல் போனதும் பின்னால் வந்தவனும் சில வாரங்களில் வருவதை விட்டுவிட்டான்.

“சும்மா நின்னோம்” என்பதைச் சட்டம் ஏற்பதில்லை என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்புகொள்ள முயல்வது, இணையத்தில் கண்காணிப்பது எல்லாம் 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆவது பிரிவு. 18 வயதுக்கு உட்பட்டவரைப் பாலியல் நோக்கத்தோடு திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் போக்சோ சட்டமும் பாயும். இவற்றோடு நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. பலர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து ஒரு குற்றத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தனியாகச் செய்தவர் போலவே பொறுப்பாவார் என்கிறது அதே சன்ஹிதாவின் 3(5) பிரிவு. பஸ் நேரம் விசாரித்தவனும் நம்பர் வாங்கியவனும் இதைப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த ஒரு கும்பல் சீண்டியதில் கீழே விழுந்து ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அந்த ஆண்டிலேயே ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. அந்த ஆட்டோவில் இருந்த ஒருவராவது “வண்டியைத் திருப்பு” என்று சொல்லியிருந்தால் அந்த அக்கா இன்றைக்கு நடுவயதுப் பெண்ணாக எங்கேயோ வாழ்ந்துகொண்டிருப்பார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அவர் பின்னாலேயே சுற்றிவந்தவன் குற்றவாளி என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. செய்தியைப் படித்த எங்கள் டீச்சர் வகுப்பில் பாடம் நடத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட செயல் ஒரே நாளில் பிறப்பதில்லை. பின்தொடர்ந்த நாட்கள், மிரட்டிய நாட்கள் எல்லாம் அதற்கு முன்னால் இருக்கின்றன. அந்த நாட்களில் எந்தப் பையனையும் அவன் பெற்றோருக்கு முன்பே அறிந்தவர்கள் அவனுடைய நண்பர்கள்தான்.

தமிழ்ப் பாடத்தில் அகத்திணை படித்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நம்முடைய பழைய காதல் பாட்டில் நண்பர்களுக்குத் தடுத்து நிறுத்துவதுதான் வேலையே. தலைவன் காதலில் தவித்தால் அவன் தோழனான பாங்கன் முதலில் அவனை இடித்துரைக்கிறான். ‘உனக்கு இது தகுமா’ என்று கேட்கிறான். இதற்கு ‘கழறல்’ என்று தனித் துறையே வைத்திருக்கிறார்கள். தலைவன் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிப் புரியவைத்த பிறகுதான் பாங்கன் துணைக்கு வருகிறான். தலைவியின் தோழி இன்னும் கறார். தலைவன் கொண்டுவரும் பரிசை வாங்க மறுக்கிறாள், அவனைத் தள்ளி நிறுத்துகிறாள், எண்ணம் என்ன என்று சோதிக்கிறாள். குறுந்தொகையின் முதல் பாட்டே தோழி பரிசை மறுக்கிற பாட்டுதான். தொல்காப்பியரும் காதலை ஏழு திணையாகப் பிரித்து, இருவர் மனமும் ஒத்த ஐந்தை நடுவில் வைத்தார். ஒருதலைக் காமமான கைக்கிளையை ஒரு புறமும், பொருந்தாக் காமமான பெருந்திணையை மறுபுறமும் ஒதுக்கினார். தலைவன் மடலேறப் போவதாக, அதாவது பனைமடல் குதிரையில் ஏறி ஊரறியத் தன் காதலைச் சொல்லப் போவதாக, சொல்வது வரை ஐந்திணையில் இடம் உண்டு. உண்மையில் ஏறிவிட்டால் அது பெருந்திணை. ஊரைக் கூட்டி ஒரு பெண்ணை நெருக்குவது அன்பில் சேராது என்று அவ்வளவு காலம் முன்பே கோடு போட்டிருக்கிறார்கள். பாட்டு எழுதுகிறவர்கள் அந்தப் பாங்கனை மறுபடி பாட்டுக்குள் கூட்டிவர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கூட்டம் சேர்ந்தாலே வம்பு என்று பெரியவர்கள் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து குடியமர்த்தப்பட்ட இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசித்தார்கள் என்று அங்கே வளர்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா அந்தக் கண்ணகி நகர்ப் பெண். தங்கம் வென்ற ஆடவர் அணியில் எங்கள் பக்கத்து வடுவூர் அபினேஷ் இருந்தார். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. கண்ணகி நகரைக் குற்றத்தின் பெயரோடு மட்டும் எழுதி வந்த பத்திரிகைகள் அன்றைக்குக் கபடியின் பெயரோடு எழுதின. தெரு அதே தெருதான். கூடி நிற்கிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காதல் குற்றம் இல்லை. இரண்டு பேருக்கும் பிடித்திருப்பது ஒன்று, ஒருத்தருக்குப் பிடிக்காமல் இன்னொருத்தர் விடாமல் துரத்துவது வேறொன்று. இளவயதில் ஒருவரை ஒருவர் விரும்பியவர்களைக் குற்றவாளியாக்குவது போக்சோ சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் சொல்லியிருக்கிறது. பெற்றோர் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். மகள் ‘ஒருத்தன் பின்னாடி வர்றான்’ என்று சொல்லும்போது அவள் படிப்பை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த முறை அவள் எதையும் சொல்ல மாட்டாள்.

என் வயசுப் பையன்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நண்பன் ஒரு பெண்ணின் பின்னால் போகிறான், அவள் மறுத்துவிட்டாள் என்று தெரிந்தால், அவளுடைய பஸ் நேரத்தை அவனுக்கு விசாரித்துச் சொல்லாதீர்கள். நம்பர் வாங்கித் தராதீர்கள். அவனோடு டீ குடியுங்கள், அழுதால் பக்கத்தில் இருங்கள், பிடித்த சோகப் பாட்டைச் சேர்ந்து கேளுங்கள். ஆனால் ‘அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்’ என்பதை அவனுக்கு முதலில் சொல்கிற ஆள் நீங்களாக இருங்கள். அவன் கோபப்பட்டாலும் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளே, நீங்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.