ஈரக் கரண்டி

நெல்லைச் சீமையிலிருந்தும் தஞ்சைத் தரணியிலிருந்தும் மும்பைக்கு வந்து மாதுங்கா, செம்பூர், தாராவி எனக் குடியேறிய நம்மவர்க்கு வெயில் பழகியது, ஈரமே புதியது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் இந்நகரத்து மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு திங்களில் பெய்து தீர்க்கிறது. அந்நாட்களில் தோல் செருப்பும் புத்தக அட்டையும் பெட்டியிலுள்ள பட்டுப் புடவையும் பூஞ்சணம் பூக்கின்றன. குளிர்சாதனம் வாங்கிய வீடுகளில் அது அதற்குள்ளும் குடிபுகுந்துவிடுகிறது.

எங்கள் இல்லத்தில் இழுப்பு நோயால் வருந்தும் அத்தை ஒருவர் உள்ளார். குளிர்சாதனத்தை முடுக்கியதும் மக்கிய நாற்றம் எழும். உடனே அவருக்கு இருமல் தொடங்கும். பழுதுபார்ப்பவர் வந்து கழுவிச் செல்வார். பத்து நாள் கழிந்ததும் மீண்டும் அதே நாற்றம். கழுவியும் ஏன் திரும்புகிறது என்று ஆராயத் தலைப்பட்டோம்.

30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீரைக் கசியவிடும். குளிர்சாதனத்தின் உட்சுருளோ அதனினும் மிகக் குளிர்ந்தது. எனவே இயங்கும் நேரமெல்லாம் அதன்மீது நீர் வழிகிறது. நிறுத்தியபின் அந்த ஈரமும், படிந்த தூசியும், உள்ளிருட்டும் ஒருங்கே தங்கிவிடுகின்றன. பூஞ்சணத்திற்கு வேறென்ன வேண்டும்? கழுவினால் அது நீங்கும், ஈரம் நீங்குவதில்லை.

நம் அன்னையர்க்கு இது புதிய பாடமன்று. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி இடலாகாது என்பது அவர்களுடைய அடுக்களைச் சட்டம். ஜாடியை எத்தனை முறை தேய்த்தாலும், உலர்த்தாவிடில் பயனில்லை.

அதே நெறியை இங்கும் கைக்கொண்டோம். காலையில் குளிரை நிறுத்தியபின் விசிறியை மட்டும் அரைமணி நேரம் ஓடவிட்டுச் சுருளை உலர்த்துகிறோம். இரு வாரத்திற்கு ஒருமுறை வடிகட்டி வலையைக் கழுவி, நிழலில் நன்கு உலர்ந்தபின் பொருத்துகிறோம். மழைக்கு முன், மே திங்களிலேயே சுருள், காற்றுருளை, நீர்த்தட்டு மூன்றையும் கழுவச் செய்கிறோம். அவ்வேளையில் அத்தை அவ்வறையில் இருப்பதில்லை. வடிகுழாய் சரிவாக இறங்குகிறதா என்றும் பார்க்கிறோம். அது மேடேறினால் நீர் தட்டிலேயே தேங்கும். வெளுப்புக் காரம் மட்டும் ஆகாது. அது அலுமினியத் தகடுகளை அரித்துவிடும்.

புதிதாக வாங்குவோர்க்கு ஒரு சொல். சிறிய அறைக்குப் பெரிய குளிர்சாதனம் பெருமையன்று. அது விரைவில் குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும். காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் போதாது. அவ்வாறே, ஈரத்துணிகளை அறைக்குள் கொடிகட்டி உலர்த்துவதும், சாளரத்தைத் திறந்துவைத்துக் குளிர்சாதனத்தை இயக்குவதும் ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

அத்தையின் இழுப்பு தீர்ந்துவிட்டதென்று கூறமாட்டோம். அதற்கு மருத்துவரும் மருந்தும் உண்டு. ஆயினும் சென்ற மழைக்காலம் முழுவதும் அந்நாற்றம் திரும்பவில்லை. அத்தையும் இரவில் எழுந்து கூடத்துக்குப் போய்ப் படுக்கவில்லை. அரைமணி நேர விசிறிக்கு இதனினும் பெரிய ஊதியத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.