பெயரிடப்படாத பூனை



மட்டாஞ்சேரியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நீங்கள் எப்போதாவது வர நேர்ந்தால், உங்களை முதலில் வரவேற்பவன் நான் அல்ல. என் மனைவியும் அல்ல. வாசற்படியில் நீங்கள் கழற்றிவிடுகிற காலணிக்குள் தலையை நுழைத்து, நீங்கள் எந்தத் தெரு வழியாக வந்தீர்கள், மதியம் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையெல்லாம் முகர்ந்து அறிந்துகொள்ளுகிற மூவர் அங்கே உண்டு. ஒன்றின் பெயர் மஞ்சள்; மற்றொன்று கிராம்பு; மூத்தது சுக்கு. மூன்றும் பூனைகள்.

"பாஸ்டர் வீட்டில் இத்தனை பூனைகளா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் அவர்களைவிட அதிகமாய் முகம் சுளித்தவன் நான். எப்படி மாறினேன் என்பதையும், மாறுவதற்கு முன் செய்த ஒரு காரியத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பண்டகசாலைகளின் ஊர்

2001-ஆம் ஆண்டில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மத்தியில் ஊழியம் செய்ய வந்தேன். பிழைப்புக்காக வந்த தமிழர் இங்கே அநேகர். ஃபோர்ட் கொச்சியிலுள்ள தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாய்ச் சலவைத் தொழில் செய்கிற தமிழ்க் குடும்பங்களே உண்டு. ஆனால் இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில் என் கண்ணில் அதிகமாய்ப் பட்டவை பூனைகள்தான். மிளகும் இஞ்சியும் ஏலமும் மூட்டை மூட்டையாய்க் கிடக்கும் பண்டகசாலைகள். மூட்டை இருக்குமிடத்தில் எலி. எலி இருக்குமிடத்தில் பூனை. அந்தப் பண்டகசாலைகளில் சில இன்று கடைகளாகவும் கலைக்கூடங்களாகவும் மாறிவிட்டன. பூனைகள் மட்டும் அதே திண்ணைகளில் அதே நிதானத்தோடு உறங்குகின்றன. கடற்கரையில் சீனவலை மேலெழும்பும் வேளையில், வலையை இழுக்கிறவர்களுக்குச் சமமான கவனத்தோடு நீரைப் பார்த்திருக்கும் பூனைகளை நீங்களும் பார்த்திருக்கலாம்.

மலையாளத்தில் பூனைக்குப் 'பூச்ச' என்று பெயர். கேட்டபோது வேற்றுமொழிச் சொல்லாய்த் தோன்றியது. ஆனால் கம்பர் தம் காவியத்தின் தொடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் இடத்தில் 'பூசை' என்றே சொல்லுகிறார். நம் வீட்டிலிருந்து மறைந்த சொல் பக்கத்து வீட்டில் பிழைத்திருக்கிறது!

மூவர், மூன்று குணம்

மஞ்சள் ஒரு கள்வன். பொரித்த சாளையை மூடிவைத்தால் மூடியைத் தள்ளும். மூடியின்மேல் அம்மிக்குழவியை வைத்தால், குழவியின் அருகே அமர்ந்து கண்களைப் பாதி மூடி, உலகத்தையே துறந்ததுபோல் இருக்கும். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், எலிகள் சூழ நிற்கத் தவம் செய்கிற ஒரு பூனையைப் பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கியிருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு மஞ்சள் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். கிறிஸ்துமஸ் கேக்கையும் இது விட்டுவைப்பதில்லை. ஆனால் இனிப்பின் சுவையை அறியும் திறன் பூனையின் நாவுக்கு இல்லை. அதற்குரிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அப்படியானால் மஞ்சள் திருடியது வெண்ணெயைத்தான்.

இதன் மற்றொரு விசேஷம், வீட்டுக்கு வருகிற பத்துப்பேரில் பூனையை அறவே வெறுக்கிற ஒருவரைத் தேடிப்பிடித்து அவர் மடியில் ஏறுவது. காரணம் உண்டு. பூனையை விரும்புகிறவர்கள் அதை உற்றுப்பார்த்து, கையை நீட்டி அழைக்கிறார்கள். அந்நியர் உற்றுப்பார்ப்பது பூனைக்கு அச்சுறுத்தல். முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் இருக்கிறவரே அதன் கண்ணுக்கு நல்ல மனுஷர்!

கிராம்பு, கறுப்பும் செம்மையும் வெண்மையும் கலந்த பெண் பூனை. இப்படி மூன்று நிறம் கொண்டவை ஏறக்குறைய எல்லாமே பெண்தான். செம்மையோ கறுப்போ என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். கிராம்பின் ஊழியம் மேஜைமேல் உள்ளவற்றைக் கீழே தள்ளுவது. பேனா, மூக்குக்கண்ணாடி, மாத்திரைச் சிமிழ் என ஒவ்வொன்றையும் முன்னங்காலால் மெதுவாய்த் தட்டி, என் முகத்தைப் பார்த்து, மறுபடியும் தட்டும். அசைகிறதா, உயிருள்ளதா என்று சோதிப்பது வேட்டை விலங்கின் சுபாவம். விழுந்தவுடன் நான் ஓடிவருவேன் என்பதை அது கற்றுக்கொண்டதுதான் என் தவறு. சனிக்கிழமை இரவில் பிரசங்கக் குறிப்புகளை விரித்தால் அவற்றின்மேல் படுத்துக்கொள்ளும். எந்தப் பக்கத்தில் படுக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சுருக்கிவிடுவது என் வழக்கம். பிரசங்கம் முன்னைவிடக் கேட்க நன்றாயிருக்கிறது என்று சபையார் சொல்லுகிறார்கள்.

சுக்கு வயது சென்றது. பெயருக்கேற்ற மேனி, பெயருக்கேற்ற காரம். யார் மடியிலும் ஏறாது. ஆனால் வீட்டில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்தால், அவருடைய கால்மாட்டில் வந்து அமர்ந்து, அவர் எழும்பும்வரை அங்கிருந்து நகராது. வெப்பத்தைத் தேடி வருகிறது என்று சொல்லலாம்; அது உண்மையாகவும் இருக்கலாம். நோயுற்றுக் கிடந்தவர்களோ அதைச் சுக்கின் அன்பு என்றே சொன்னார்கள். தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்களை மெதுவாய் மூடித் திறக்கும். அது பூனைகள் நட்பைத் தெரிவிக்கும் விதம். நாமும் அவ்வாறே செய்தால் அவை பதில் கொடுக்கின்றன என்று 2020-இல் இங்கிலாந்தில் ஆய்வு செய்து கண்டார்கள். எங்கள் ஞாயிறு மதிய உரையாடல் பெரும்பாலும் இப்படியே நடைபெறுகிறது.

நான் செய்த காரியம்

இனி, வாசகரே, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதிக்கு வருகிறேன்.

2008-ஆம் ஆண்டு. அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை வந்துபோய்க்கொண்டிருந்தது. ஒன்பது வயதாயிருந்த என் மகள் அதற்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டாள். "பெயர் வைத்தால் அது நம்முடையதாகிவிடும், வேண்டாம்" என்று தடுத்தேன். ஏதேனில் ஆதாம் சகல ஜீவன்களுக்கும் பேரிட்டதைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான்.

ஒரு நாள், வெளியூரிலிருந்து வந்த ஊழியருக்கென்று வாங்கிவைத்த நெய்மீன் துண்டுகளை, நம் ஊரில் சீலா என்போமே, அதை அந்தப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. எனக்கு வந்த கோபத்தில், இஞ்சி மூட்டைக்குரிய ஒரு சாக்கில் அதைப் பிடித்துப் போட்டு, ஸ்கூட்டரில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டேன். "அங்கே மீனுக்குக் குறைவில்லை; அதற்கு நன்மைதான்" என்று வீட்டில் சொன்னேன். என் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா, அதுக்கு வழி தெரியுமா?"

மறுநாள் இரவு பரணிலிருந்து சத்தம் கேட்டது. பழைய பாட்டுப் புத்தகப் பெட்டிகளுக்குப் பின்னால், கண்கூடத் திறவாத மூன்று குட்டிகள். அப்பொழுதுதான் எனக்குப் புரிந்தது. பால் கொடுக்கிற தாய்ப்பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகாரம் வேண்டும். அது திருடவில்லை; பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். படகுகள் கரைசேர்ந்து, ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். கூடைகளின் இடையில் எத்தனையோ பூனைகள். பாதிக்குமேல் சாம்பல் நிறம். அழைக்கலாம் என்று வாய்திறந்தேன். எதைச் சொல்லி அழைப்பது? "அப்பா, அதுக்குத்தான் நாம பேரே வைக்கலையே" என்றாள் என் பிள்ளை. மூன்று நாட்கள் போனோம். அது கிடைக்கவில்லை. திரும்பி வரவும் இல்லை.

குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவர் சொன்ன கலவையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டுக்குழாயில் ஊட்டினோம். என் மனைவி இரவெல்லாம் உறங்கவில்லை. அண்டை வீட்டு இத்தா, 'குறிஞ்ஞி' என்று கொஞ்சியபடி, பகலில் வந்து வெதுவெதுப்பான ஈரத்துணியால் தாய் நக்குவதுபோல் துடைத்துவிட்டார்கள். அப்படித் துடைத்தால்தான் அந்த வயதில் அவற்றுக்குச் சிறுநீர் பிரியும். மூன்றாம் நாள் ஒன்றும், ஐந்தாம் நாள் மற்றொன்றும் மரித்தன. என் மகள் அழவில்லை. என்னோடு பேசவும் இல்லை. அவள் என்னோடு பேசாதிருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எஞ்சிய ஒன்று பிழைத்தது, நல்ல கறுப்பு. அதற்கு நானே பெயரிட்டேன்: மிளகு. 'மிளகு' என்று நான் முதலில் அழைத்த அன்றுதான் என் மகள் என்னிடம் பேசினாள். மிளகு எங்களோடு 14 ஆண்டுகள் வாழ்ந்தது. காலையில் நான் வீட்டைவிட்டுப் புறப்படும்போதெல்லாம் குறுக்கே ஓடும். கறுப்புப் பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்று இன்னும் தயங்கி நிற்கிற நம்மவர்களுக்கு, அந்த 14 ஆண்டுகளில் எனக்குக் கெட்ட காரியம் ஒன்றும் அந்தப் பூனையால் வரவில்லை என்பதை அறிவிக்கிறேன். 2022-இல் அது மரித்தது. அன்று முதலாவது அழுதவன் நான்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

பூனை தன் பெயரை அறியுமா என்று கேட்பீர்கள். அறியும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அதே நீளமும் ஒலியழுத்தமும் உள்ள மற்றச் சொற்களிலிருந்து பூனைகள் தம் பெயரைப் பிரித்தறிவது தெரியவந்தது. அழைத்தால் வருவதும் வராதிருப்பதும் வேறு காரியம். அது அவற்றின் விருப்பம்.

நம்முடைய 66 புத்தகங்களில் வீட்டுப் பூனையைக் குறித்து ஒன்றும் இல்லை. ஆனால் பர்னபாவின் ஊராக நாம் அறிந்த சீப்புரு தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதக் கல்லறையின் அருகே ஒரு பூனையும் அடக்கம்பண்ணப்பட்டிருந்ததை 2004-இல் அறிவித்தார்கள். அந்தத் தீவுக்குப் பூனை சொந்தம் அல்ல. யாரோ படகில் தங்களோடு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். குடிபெயர்ந்தவர்கள், தாங்கள் விட்டுவர மனமில்லாததையே எடுத்துச் செல்வார்கள். ஊரைவிட்டு வந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகையால், உங்கள் வாடகை வீட்டுக்கு ஒரு பூனை வந்தால் சாக்கைத் தேடாதிருங்கள். அது ஏன் திருடுகிறது என்று முதலில் பாருங்கள்; பால் கொடுக்கிற தாயாயிருக்கலாம். பெருகிவிடுமே என்று அஞ்சினால் ஐந்தாறு மாதத்தில் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். ஒரு துண்டும் கொடுக்கலாகாது. பூனை கடித்தாலோ நகத்தால் கீறினாலோ 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கர்ப்பவதிகள் பூனையின் கழிவைச் சுத்தம்பண்ணும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

என் மகள் இன்று கோயம்புத்தூரில் மணவாழ்க்கை நடத்துகிறாள். தொலைபேசியில் அழைத்தால், "மஞ்சள் என்ன திருடிச்சு? கிராம்பு எதைத் தள்ளிச்சு? சுக்கு சாப்பிட்டுச்சா?" என்று மூவரையும் பெயர் சொல்லி விசாரித்த பிறகுதான், "நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சென்ற மாதம் எங்கள் வாசலில் ஒரு சாம்பல் நிறக் குட்டி வந்து நின்றது. மஞ்சள் சீறியது, கிராம்பு ஒளிந்துகொண்டது, சுக்கு கண்களை மெதுவாய் மூடித் திறந்தது. நான் மகளை அழைத்து, "அம்மா, ஒரு பெயர் சொல்லு" என்றேன்.