மடையும் மாறியும்

யூனிக்ஸ் கணினியில் ஒருவர் நுழையும்போது அவரைச் சுற்றி ஒரு சூழல் உருவாகிறது. எந்த மொழியில் பேசுவது, நிரல்களை எங்கே தேடுவது என்பனவற்றைச் சொல்லும் சிறு குறிப்புகளாலானது அது. அவற்றைச் சூழல் மாறிகள் என்கிறோம். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது தன் சூழலின் நகலைக் கொடுத்தனுப்பும். பிள்ளை அதில் செய்யும் மாற்றம் தாய்க்குத் திரும்பாது.

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவனுக்கு இது விளங்குவது கடினமன்று. 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்குகிறது. லோயர் கேம்ப் தொடங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. கடைமடையில் கலங்கிய நீர் தலைமடைக்கு ஏறுவதில்லை. ஆனால் தலைமடையில் செய்த பிழை கடைமடை வரை போகும்.

2009இல் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் லினக்ஸ் வழங்கியைப் பராமரிக்க உதவிவந்தேன். அலுவலகத்தாரும் மாணவர்களும் அந்த ஒரே வழங்கியில்தான் நுழைவார்கள். தமிழ்த்துறை மாணவர்களுடன் கணினி தமிழிலேயே பேச வேண்டும் என்பது என் ஆசை. ‘லாங்’ என்ற மாறிக்குத் தமிழைக் கொடுத்தால் கிழமைகளும் மாதங்களும் தமிழாகும். எல்லோருக்குமான ‘ப்ரொஃபைல்’ கோப்பில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, தமிழன்னைக்குக் கோயில் கட்டியவனைப் போல வீடு திரும்பினேன்.

தேர்வுக் கட்டணம் செலுத்தும் நவம்பர் மாதம் அது. கட்டியவர் பட்டியலை எடுக்க அலுவலகத்தில் ஒரு பழைய நிரல் இருந்தது. கணினியிடம் மாதப்பெயரைக் கேட்டு, பதிவேட்டில் அந்தப் பெயருள்ள வரிகளைத் திரட்டும். பதிவேட்டிலோ மாதங்கள் ஆங்கிலத்தில். கணினி தமிழில் விடை சொன்னது; பட்டியல் வெறுமையாக வந்தது. ஒருவரும் கட்டணம் கட்டவில்லை என்றாயிற்று.

கட்டாதவர் என்று திருப்பியனுப்பப்பட்டவர்களுள் ஒரு மாணவி இருந்தாள். ரசீதை எடுத்துவரக் கூடலூருக்குப் பேருந்தேறினாள். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அவள் தாயும் அன்றைய வேலையை விட்டு உடன் வந்தார். “கட்டுன காசு எங்கய்யா போகும்?” என்று அவர் எழுத்தரிடம் கேட்டதை நான் வாசலில் நின்று கேட்டேன். அவள் தமிழ்த்துறை மாணவி.

இரவில் தானாக ஓடிய பட்டியல் மட்டும் சரியாக வந்திருந்தது. அந்த முரண்தான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது: இரவுப் பணிகள் ‘ப்ரொஃபைல்’ கோப்பைப் படிப்பதில்லை.

யூனிக்ஸில் எல்லோருக்கும் ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பும் உண்டு. குழுக்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பது போன்ற உரிமைகளுக்காகவே. குழுவுக்கென்று சூழல் கோப்பு கிடையாது. அந்த மடையை நாமேதான் கட்ட வேண்டும். தமிழ் மாணவர்களை ஒரு குழுவாக்கினேன். ‘ப்ரொஃபைல் டாட் டி’ அடைவில் ஒரு சிறு கோப்பை வைத்தேன். நுழைபவர் எந்தெந்தக் குழுவினர் என்று ‘ஐடி’ கட்டளையிடம் கேட்டு, தமிழ்க் குழுவானால் மட்டும் அது மொழியை மாற்றும். பெயரை முழுமையாக ஒப்பிட வேண்டும். இல்லையேல் அப்பெயரைத் தன்னுள் கொண்ட வேறொரு குழுவும் அகப்பட்டுவிடும். கட்டண நிரலுக்குள்ளேயே அதற்கு வேண்டிய மொழியையும் எழுதிவைத்தேன். தன் தேவையைத் தானே சொல்லாத நிரலும் பிழையுடையதுதான்.

பழுது நீங்கியது. அந்த அம்மாவின் ஒருநாள் கூலி நீங்கியதும் நீங்கியதே. அதன் பிறகு பொதுக் கோப்பில் ஒரு வரியை மாற்றினாலும், எழுத்தர் ஒருவரை நுழையச் சொல்லி, ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்த பின்புதான் வீட்டுக்குக் கிளம்புவேன்.