எம் உளங்கவர்ந்த ஓர் ஊமைப் படம்

இலக்கியம் பயிலும் மாணாக்கர்க்குச் சண்டையும் துரத்தலும் நிறைந்த சினிமாப் படத்தில் என்ன வேலை என்று வினவுவார் பலர். சொற்சுவை பொருட்சுவைகளிற் பழகிய செவிக்குப் பீரங்கி முழக்கமும் இஞ்சின் கூவலும் எங்ஙனம் இனிக்கும் என்பது அவர்தம் ஐயம். ஐயம் நேரியதே. ஆயினும், சினிமாக் கலையின்பால் யாம் மெய்யான அன்பு கொள்ளக் காரணமாயிருந்தது அத்தகைய படமொன்றே யாகலின், அதன் திறத்தைக் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். அப்படத்திற் பீரங்கி உண்டு, முழக்கம் இல்லை. இஞ்சின் உண்டு, கூவல் இல்லை. அஃது ஓர் ஊமைப் படம்.

‘ஜெனரல்’ என்னும் அப்படம் 1926-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் எடுக்கப்பட்டது. பஸ்டர் கீட்டன் என்பார் கிளைடு புரூக்மனுடன் சேர்ந்து அதனை இயக்கியதோடு, தாமே கதைத் தலைவனாகவும் நடித்தார். படைத்தலைவர்க்குரிய இப்பெயர் ஈண்டு ஒரு நீராவி இஞ்சினுக்கு உரியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1862 ஏப்ரல் 12-ஆம் நாள், ஆண்டிரூஸ் என்பவர் தலைமையில் வடபடையினர் சிலர் மாற்றுடையில் தென்னாட்டினுட் புகுந்து, ஜார்ஜியா மாகாணத்துப் பிக் ஷாண்டி என்னும் நிலையத்தில் அவ்விஞ்சினைக் கவர்ந்து வடக்கு நோக்கி ஓட்டிச் சென்றனர். தண்டவாளங்களைப் பெயர்த்தும், தந்திக் கம்பிகளை அறுத்தும், பாலங்களை எரித்தும் தென்படையின் போக்குவரவைக் குலைத்தல் அவர் நோக்கம். அவ்வண்டியின் கண்டக்டர் முதலிற் காலால் ஓடியும், பின்னர்க் கைத்தள்ளு வண்டியிலும் வேறு இஞ்சின்களிலும் ஏறியும் அவர்களைத் துரத்தினார். கவர்ந்தோர் பிடிபட்டனர், ஆண்டிரூஸ் உள்ளிட்ட எண்மர் தூக்கிலிடப்பட்டனர். இவ்வரலாறே படத்துக்கு வித்தாயிற்று.

கீட்டன் அமைத்த கதை எளியது. ஜானி கிரே என்னும் இஞ்சின் ஓட்டுநனுக்குக் காதல் இரண்டு: ஒன்று தன் இஞ்சின்மேல், மற்றொன்று அன்னபெல் என்னும் நங்கைமேல். போர் மூண்டதும் அவன் படையிற் சேர விழைகிறான். இஞ்சின் ஓட்டுநனாய் இருத்தலே தென்னாட்டுக்குப் பயன் என்று கருதி அதிகாரிகள் அவனைத் தள்ளிவிடுகின்றனர். காரணத்தை அவனுக்குக் கூறிற்றிலர். கோழை என்று எண்ணி நங்கையும் அவனை வெறுக்கிறாள். ஓராண்டு கழிந்தபின் பகைவர் அவன் இஞ்சினைக் கவர்கின்றனர். அவ்வண்டியில் அன்னபெல்லும் அகப்பட்டுக்கொள்கிறாள். ஜானி தனியொருவனாய்த் துரத்திச் சென்று இரண்டையும் மீட்கிறான்; மீண்டு வருங்காற் பகைவர் அவனைத் துரத்துகின்றனர். முற்பாதி வடக்கு நோக்கிய ஓட்டம். பிற்பாதி தெற்கு நோக்கிய ஓட்டம். செய்யுளின் முன்னடி எதுகையைப் பின்னடி ஏற்பதுபோலப் போகும்போது கண்ட இடையூறுகள் திரும்பும்போது வேறு பொருளோடு எதிர்ப்படுகின்றன.

ஓரிடத்தைச் சான்றாகக் காட்டுதும். பகைவர் தண்டவாளத்தின் குறுக்கே கனத்த சிலீப்பர் கட்டைகளைப் போட்டுச் செல்கின்றனர். ஜானி மெல்ல ஓடும் இஞ்சினுக்கு முன்னே சென்று ஒரு கட்டையைத் தூக்குகிறான். அதற்குள் இஞ்சின் அவனை எட்டிவிட, கட்டையை மார்போடு அணைத்தபடி அதன் முகப்புச் சட்டகத்தின்மேல் சாய்ந்து விழுகிறான். எதிரே மற்றொரு கட்டை கிடக்கிறது, இறங்க நேரமில்லை. கையிலுள்ள கட்டையை அதன் ஒரு முனைமேல் எறிகிறான். இரண்டும் துள்ளி வழிவிட்டு அகல்கின்றன. எறிதல் தவறியிருப்பின் உயிருக்கே ஊறு. எனினும் கீட்டன் முகத்திற் சலனம் இல்லை.

தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டென வகுத்தனர். உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதல் மெய்ப்பாடு என்று வகுப்பிற் பாடங் கேட்டிருக்கிறோம். கீட்டனோ சிரியாத முகத்தினர் என்று பெயர் பெற்றவர். முகம் அடக்கி வைப்பதை அவர்தம் முதுகும் தோளும் காலும் உரைக்கின்றன. காதலி வெறுத்தபின் ஜானி தன் இஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் தளர்ந்து அமர்கிறான். இஞ்சின் நகர்கிறது, தண்டு அவனை மேலும் கீழுமாக ஏற்றி இறக்குகிறது, அவன் அதனை அறியான். அவன் துயரத்தின் ஆழத்தை அறிவிக்க ஒரு சொல்லும் வேண்டப்படவில்லை.

எம் பாட்டனார் மீட்டர்கேஜ் காலத்தில் நீராவி இஞ்சினிற் கரி தள்ளிய பயர்மேன். சினிமா பொய், பொய்யை இருட்டில் அமர்ந்து பார்ப்பானேன் என்பது அவர் கொள்கை. வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் இப்படத்தைக் கணினியில் ஓடவிட்டு, “தாத்தா, இஞ்சினை மட்டும் பாருங்கள்” என்று வேண்டினோம். அரைமனத்தோடு அமர்ந்தார். தண்டின்மேல் அமரும் காட்சி வந்ததும் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். “தம்பி, இவன் மெய்யாகவே உட்கார்ந்திருக்கிறான்! புறப்படுகையில் நீராவியைக் கொஞ்சம் கூடுதலாய்த் திறந்துவிட்டாற் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும், ஆள் தப்பமாட்டான். ஓட்டினவன் கை தேர்ந்த கை” என்றார். பின்னர்ப் படம் முடியுமளவும் எழுந்தாரல்லர். சினிமாவுக்காக யாம் பலகால் வழக்காடியும் அசையாத அவர் நெஞ்சை ஒரு மெய்ச் செயல் அசைத்தது. எம் அன்பின் வேர் யாதென அன்று தெளிந்தோம். ஒருவன் தன் உடம்பைப் பணயம் வைத்துச் செய்ததொன்றை, அவன் மறைந்து பல்லாண்டு கழிந்தபின்னும், நிகழ்ந்தவாறே பிறர் கண்முன் நிறுத்துதல் இக்கலைக்கு இயலும்.

அம்மெய்க்காகக் கீட்டன் கொடுத்த விலை சிறிதன்று. ஓரிகன் மாகாணத்துக் காட்டேஜ் குரோவ் ஊர்ப்புறத்திற் படம் எடுக்கப்பட்டது. எரியும் பாலத்தின்மேல் பகைவரின் இஞ்சின் ஏறுகிறது. பாலம் முறிந்து இஞ்சின் ஆற்றில் வீழ்கிறது. மெய்யான இஞ்சினையே வீழ்த்தினராதலின் மறுமுறை எடுத்தற்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பழைய இரும்புக்கென எடுக்கப்படும் வரை அஃது அவ்வாற்றிலேயே கிடந்தது. இத்துணைச் செலவிட்டும் படம் அக்காலத்து வரவேற்புப் பெறவில்லை. 1928-இற் கீட்டன் தம் தனியுரிமை துறந்து பெரிய நிறுவனமொன்றின்கீழ்ப் பணிபுரியச் சென்றார். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் முதன்முதற் சேர்த்த 25 படங்களுள் ‘ஜெனரல்’ ஒன்றாயிற்று. கீட்டன் மறைந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிற்க. இவ்வன்பு எம்முன் ஒரு வினாவையும் நிறுத்துகின்றது. தென்னாட்டார் போர் புரிந்தது அடிமை முறையைக் காத்தற்பொருட்டு. கீட்டனோ கதையைத் தென்னாட்டான் பக்கல் நின்று அமைத்தார். தென்னாட்டாரைத் தீயோராகக் காட்டிற் பார்ப்போர் ஏலார் என்பது அவர் கணிப்பு. அடிமைப்பட்ட மக்களின் துயரம் கதையில் இடம்பெறவில்லை. இஞ்சின் வீழ்ந்ததை உள்ளவாறே காட்டிய காமிரா, அப்போர் எதன்பொருட்டு நிகழ்ந்தது என்பதைக் காட்டாது விட்டது. இதுபற்றிப் படத்தையே தள்ளுக என்பாரும் உளர். கலையில் இவ்வினா எதற்கு என்பாரும் உளர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. நகரத்து மாடங்களைப் போற்றும் காப்பியப் புலவர், அம்மாடங்களுக்குக் கல் சுமந்தோரைப் பாடாது விடுதலை ஆசிரியர் எமக்குச் சுட்டுவதுண்டு. அதனால் யாம் காப்பியத்தை மூடிவைத்தோமல்லேம். முன்னினும் கூர்ந்து படிக்கலானோம்.

இதற்குப் படத்திலேயே ஓர் உவமை உளது. ஓடும் இஞ்சினின் விறகுப் பெட்டிமேல் நின்று ஜானி குனிந்து விறகு பிளக்கிறான். அவனுக்குப் பின்னே அவன் நாட்டுப் படை பின்வாங்கி ஓடுகின்றது. அடுத்துப் பகைவர் படை திரண்டு முன்னேறுகின்றது. கோடரியிலேயே கண்ணாயிருக்கும் அவன் ஒன்றையும் அறியான். பார்க்கும் நாமோ அவன் உழைப்பையும் காண்கிறோம். அவன் முதுகுக்குப் பின்னே செல்வதையும் காண்கிறோம். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே ஓடும் இப்படத்தை அன்பர்களும் ஒருமுறை காண்பாராக. காணுங்கால் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவாராக.