ஆறு வாரம்

உடப்புக் கரையிலே ஈரப் பலகையொன்றில் கால் வழுக்கி நாம் விழுந்தோம். விழுபவன் உள்ளங்கையை ஊன்றுவது இயல்பு. உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்க, ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்தது. 1814ஆம் ஆண்டில் ஏபிரகாம் கொலிஸ் என்னும் அயர்லாந்து மருத்துவர் விவரித்த முறிவு இது. மனிதருக்கு மிகச் சாதாரணமாக நேருவது.

அரசாங்க வைத்தியசாலையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். கையை மரக்கச் செய்து, எலும்பை இழுத்து நேராக்கி, பிளாஸ்டர் கட்டுப் போட்டார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை. “ஆறு வாரம் கட்டைக் கழற்றக் கூடாது, விரல்களை மட்டும் அசையுங்கள்” என்றார் டாக்டர். அவ்வாறே இருந்தோம். மாத முடிவில் சம்பளம் வந்தது. கையும் நேரானது.

அன்று நம்முடன் அதே வாங்கில் கரைவலைத் தொழிலாளி ஒருவரும் அமர்ந்திருந்தார். அவருக்கும் அதே எலும்பு. முதலில் முறிவு நெரிவு பார்க்கும் ஊர்ப் பரியாரியாரிடம் போயிருக்கிறார். அவர் எண்ணெய் பூசி, மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டி, “விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி பொறுக்க முடியாமற் போனாலோ உடனே கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ” என்றாராம். விரல் மரக்கவே இவர் வந்துவிட்டார். நல்ல வைத்தியர்! இறுகிய கட்டினுள் குருதியோட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். பிறகு எலும்பு பொருந்தியும் பயனில்லை.

நாட்டு வைத்தியமா, ஆங்கில வைத்தியமா என்று வழக்காடுவோர் ஒன்றை நினைக்க வேண்டும். முதலாம் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ வீரரைக் காத்த சிம்பை ஆக்கியவர் ஹியூ ஓவன் தோமஸ்; அவர் படித்த டாக்டர், ஆனால் எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவர். இந்தத் தொழிலாளிக்கும் பரியாரியார் சொன்னது ஆறு வாரம். டாக்டர் சொன்னதும் ஆறு வாரம். இணங்க மறுத்தது பசி ஒன்றே.

மூன்றாம் வாரம் அவரைக் கரையிலே கண்டோம். சோளகம் ஓய்ந்து கரைவலைப் பருவம் தொடங்கியிருந்தது. பிளாஸ்டரை வெட்டியெறிந்துவிட்டுக் கயிறு பிடித்திருந்தார். “இழுக்காத கைக்குப் பங்கு ஏது, ஐயா?” என்றார். மூன்றாம் வாரத்தில் முறிவை இணைத்து நிற்பது மென்மையான இழையமே. அது வன்மை பெற இன்னும் வாரங்கள் வேண்டும். கயிற்றின் இழுவை அதனைக் கோணச் செய்தது. இன்று அந்தக் கையால் ஒரு வாளித் தண்ணீரைக்கூட உறுதியாகத் தூக்க அவரால் இயலாது.

அவரைக் கவலையீனர் என்பதா? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுக்கு வந்தது. ஆனால் அது தொழில்தருநரின் கீழ் வேலை செய்வோருக்கானது. கடல் தந்த அன்று பங்கும், தராத அன்று வெறுங்கையுமாக வாழ்பவனுக்கு அதன் வாசல் எட்டாத தூரம். படமும் பிளாஸ்டரும் இலவசமாய்க் கிடைக்கின்றன. ஓய்வு மட்டும் காசுள்ளவனுக்கே கிடைக்கிறது. ஓய்வோ மருந்தின் பாதி.

கரையேறும் மீனின் விலையில் சம்மாட்டிக்குப் பங்குண்டு, வலைக்குப் பங்குண்டு. விழுந்து கிடக்கும் கைக்கும் ஆறு வாரம் ஒரு பங்கை ஒதுக்கினால் என்ன? எலும்பு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். அது கேட்கும் அவகாசத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.