ஏணியன்று, தாய்

ரயில்வே குமாஸ்தாவுக்கும் மூளை ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று சங்க அன்பர்கள் வினவலாம். என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. சிசுவின் மூளை எவ்வாறு உருவாகிறது என்று அறியும் ஆவலே என்னை இத்துறையில் படிக்கத் தூண்டியது. மெட்ரிகுலேஷனோடு நின்றவனுக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

கருவிலுள்ள மூளையின் உட்குழிவை ஒட்டி 'ரேடியல் கிளியா' என்னும் உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மெல்லிய நார் ஒன்றை மூளையின் வெளிப்புறம் வரை நீட்டியிருக்கும். புதிதாய்ப் பிறந்த நரம்பணுக்கள் அந்நாரைப் பற்றியே தத்தம் இடத்துக்கு ஏறுகின்றன. பாஸ்கோ ராக்கிக் என்னும் அறிஞர் 1972-ல் குரங்குக் கருவின் மூளையில் இதனை விளக்கினார். ஆயினும், பதப்படுத்திய உயிரற்ற துண்டுகளையே கண்டமையால், அவ்வுயிரணுக்களை ஏணி என்று மட்டுமே பலரும் நெடுங்காலம் கருதினர்.

உயிருள்ள மூளையைக் காண வழி செய்தது ஒரு ஜெல்லி மீன். அதிலுள்ள பச்சையாய் ஒளிரும் புரதத்தை ஒஸாமு ஷிமோமுரா 1962-ல் உலகுக்கு அறிவித்தார். 2001-ல் ஸ்டீபன் நாக்டர், ஆர்னால்டு கிரீக்ஸ்டைன் முதலியோர், அப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவை வைரஸ் வழியே எலிக் கருவின் மூளையிற் புகுத்தினர். பின்னர் மூளைத் துண்டை ஊட்டநீரில் உயிரோடு வைத்து, நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்கில் படம் பிடித்தனர். அப்படங்களை வரிசையாய் ஓட்டியபோது உண்மை புலனாயிற்று. ஏணி என்று எண்ணியது இரண்டாகப் பிரிந்து நரம்பணுவை ஈன்றது. ஈனும் வேளையிலும் தன் நாரை அது சுருக்கிக்கொள்ளவில்லை. சேய் அந்நாரைப் பற்றி மேலேறியது. ஆம், ஏணியே தாய்; மூளையின் மூல உயிரணு அதுவே.

என் அலுவலகப் பதிவேடும் அவ்வுயிரற்ற துண்டு போன்றதே. வண்டி வந்த நேரத்தை அது சொல்லும். வழியில் யார் யாரைத் தாங்கினார் என்று சொல்லாது. தாங்கியவரை அறிய, ஓட்டத்தை உடனிருந்து காண வேண்டும்.

நாமும் பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வந்தவர்களே. பேறுகாலத்துக்கோ பேரப்பிள்ளைக்கோ ஊரிலிருந்து தாயார் வந்தால், "பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்திருக்கிறது" என்று நம்மிற் சிலர் கூறக் கேட்கிறேன். அன்பர்களே, அச்சொல்லை இனி விட்டொழிப்போம். நாம் ஏறிவந்த நாரை இன்னும் நீட்டிக்கொண்டிருப்பவர், நம்மைப் பெற்றவர்.